"நான் என்ன செஞ்சேன் சிஸ்டர்?": நேட்டால் கோயில் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயில்களின் நிர்வாகக் குழுக்களில் இருக்கும் ஐயாமாருக்கும், மாதர் குழுக்களை நடத்தும் அம்மாமாருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். குடல் அடைத்துப் பிறந்த பிள்ளையைக் காட்டி, "இது தாய் செய்த தப்பு" என்று நம் கோயில் மண்டபங்களில் இனி யாரையும் பேச விடாதீர்கள். அந்த நேரத்தை ஒரு செவிலியருக்குக் கொடுங்கள். பச்சையாக வாந்தி எடுக்கும் கைக்குழந்தையை ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதை அவர் சொல்லட்டும்.

போன புரட்டாசியில் ஒரு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கோயில், பேசியவர் யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் நல்ல மனிதர், கோயிலுக்காக நிறைய உழைத்தவர். விரதத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், புரட்டாசியில் மீன் கறி சாப்பிட்ட ஒரு கர்ப்பிணிக்குக் குடல் ஒட்டிப்போன பிள்ளை பிறந்தது, சாமி குற்றம் சும்மா விடாது என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் எந்தக் குடும்பம் என்று அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பெண் அன்று வரவில்லை. அவளுடைய மாமியார் இரண்டாவது வரிசையில் இருந்தார். அன்று இரவு அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

பிறந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வார்டில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே வரும் தாய்மார் "பிள்ளை பிழைக்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நிறையப் பேர் அதைக் கேட்பதற்கு முன்பே, யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "நான் என்ன செஞ்சேன் சிஸ்டர்?" என்று கேட்பார்கள். கிரகணத்தன்று கத்தி எடுத்தேன், சாவு வீட்டுக்குப் போனேன், மாடிப்படியில் ஓடினேன் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். ஜூலு தாய்மாரிடம் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கொடுத்த வேறொரு பட்டியல் இருக்கும். கேள்வி மட்டும் ஒன்றுதான்.

அந்தக் கேள்விக்குப் பதிலைக் கண்டுபிடித்தது நம் நாடு. அதைக் கண்டுபிடித்தவர் யானி லோ என்ற கேப் டவுன் அறுவை சிகிச்சை மருத்துவர். கிறிஸ்டியான் பர்னார்டைத் தெரியாத பிள்ளை நம் பள்ளிகளில் இல்லை. 1967 டிசம்பர் 3ஆம் தேதி கிரூட் ஸ்கூர் மருத்துவமனையில் ஒரு மனித இதயத்தை இன்னொருவருக்கு வைத்தவர் அவர். அந்த நாளில் அங்கே அறுவை சிகிச்சைத் துறைக்கே தலைவராக இருந்த யானி லோவை யாருக்கும் தெரியாது. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. ஏனென்றால் அந்த இதயத்துக்குப் பல வருடம் முன்பே இந்த இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். என் வார்டில் பிழைத்த எத்தனையோ பிள்ளைகள் அந்த வேலையால் பிழைத்தவர்கள்.

விஷயம் இதுதான். நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் சிறுகுடல் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளம். சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில், அந்தக் குடல் நடுவில் ஓரிடத்தில் அடைபட்டிருக்கும். சில பிள்ளைகளுக்கு உள்ளே ஒரு சவ்வு மட்டும் மறித்திருக்கும். சிலருக்குக் குடல் இரண்டு துண்டாகவே போயிருக்கும். இரண்டு முனையும் மூடி, நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். குடித்த பால் இறங்க வழியில்லை. மேலே சேர்ந்த பித்தம் பச்சையாக வாய் வழியே வரும், வயிறு உப்பும். அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் சாவு நிச்சயம்.

இது ஏன் வருகிறது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் இருந்த டான்ட்லர் என்ற உடற்கூறு அறிஞர் ஒரு விளக்கம் சொன்னார். கரு உருவாகும் முதல் வாரங்களில் குடல் கெட்டியாக அடைந்திருந்து பிறகு திறக்கிறது, சில கருக்களில் அது திறக்காமலே நின்றுவிடுகிறது என்றார். ஐம்பது வருடம் போல எல்லோரும் அதையே நம்பினார்கள். அதை நம்பியவர்களுக்கு இது தொடக்கத்திலேயே கோணலாகிப்போன படைப்பு. எங்கேயோ யாரோ செய்த பிழை என்று பேசவும் அது இடம் கொடுத்தது.

லோ இந்த விளக்கத்தோடு சமாதானம் ஆகவில்லை. லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 79 குழந்தைகளின் விவரங்களை எடுத்து ஒன்றொன்றாக ஆராய்ந்து 1952இல் எழுதினார். சிறுகுடலின் கீழ்ப்பகுதிகளில் வரும் அடைப்புக்குக் காரணம் வேறு என்று அவருக்குப் பட்டது. முதலில் நன்றாக உருவான குடலுக்கு, கருப்பையில் இருக்கும்போதே ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்க வேண்டும் என்றார்.

இதற்கு ஒரு அழகான சாட்சி குழந்தையின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அடைப்புக்குக் கீழே உள்ள குடலைத் திறந்து பார்த்தால், பல குழந்தைகளுக்கு அங்கே பித்தத்தின் கறையும், கரு விழுங்கிய பனிக்குட நீரோடு போன பூனைமுடியும் இருக்கும். பித்தம் மேலே சுரப்பது. முடி வாய் வழியே போவது. இரண்டும் அடைப்பைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது என்றால், ஒரு காலத்தில் வழி திறந்திருந்தது. அடைப்பு பிறகு வந்தது. இதைச் சொல்லிக் காட்டும்போது தாய்மார் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை நன்றாகத்தான் உருவானது, நடுவில் ஒரு விபத்து நடந்துவிட்டது என்பது அவர்களுக்கு உடனே புரியும்.

விபத்து எப்படி நடக்கிறது? குடலை முதுகுப் பக்கத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வு பனையோலை விசிறி மாதிரி விரிந்திருக்கும். ரத்தக் குழாய்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன. குடல் அதைச் சுற்றி முறுக்கிக்கொண்டாலோ, ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொண்டாலோ அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. பெரியவர்களுக்கு இப்படி நடந்தால் குடல் அழுகிச் சீழ் பிடித்து உயிரே போய்விடும். கருப்பைக்குள் கிருமி இல்லை. செத்துப்போன துண்டை உடம்பு சத்தமில்லாமல் கரைத்துவிடும். மிஞ்சுவது இரண்டு மூடிய முனைகள். தாய்க்கு வலி தெரியாது, காய்ச்சல் வராது. அவள் அன்று சமைத்துக்கொண்டிருந்திருப்பாள், வேலைக்கு பஸ் ஏறியிருப்பாள்.

லோ இப்படி யூகித்தார். நிரூபிக்க வேண்டாமா? அந்த வேலையை இளம் மருத்துவரான பர்னார்டிடம் கொடுத்தார். கர்ப்பமான நாயின் வயிற்றைத் திறந்து, கருப்பைக்குள் இருக்கும் குட்டியின் குடலுக்குப் போகும் ரத்தக் குழாயைக் கட்டி, மறுபடி எல்லாவற்றையும் மூடி, குட்டி பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பது மாதம் போல, திரும்பத் திரும்பத் தோற்றார். 43 முயற்சிக்குப் பிறகுதான் வெற்றி கிடைத்தது. பிறந்த குட்டியின் குடல், மனிதக் குழந்தையின் குடல் போலவே அடைபட்டிருந்தது. 1955இல் இருவரும் சேர்ந்து லான்செட் என்ற மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். அந்த நாய்களுக்காக எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் இன்று ஒரு தாயைப் பார்த்து "உன் மேல் தப்பில்லை" என்று நான் ஆறுதலுக்காகச் சொல்லாமல் தெரிந்தே சொல்ல முடிகிறது என்றால், அதற்கு அந்தச் சோதனைதான் காரணம்.

காரணம் தெரிந்ததும் கத்தி வைக்கும் இடமும் மாறியது. அதுவரை மருத்துவர்கள் இரண்டு முனைகளையும் அப்படியே சேர்த்துத் தைத்தார்கள். பெரும்பாலான குழந்தைகள் தையல் பிரிந்தோ, தைத்தும் குடல் வேலை செய்யாமலோ இறந்தன. மேல் முனை உப்பிப் பெருத்து, பார்க்க நல்ல நிறமாகவே இருக்கும். ஆனால் அதற்குப் போதிய ரத்தம் இல்லை, உணவைத் தள்ளும் வலுவும் இல்லை. அந்த உப்பிய முனையைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, நல்ல ரத்த ஓட்டமுள்ள இடத்தில் தைக்க வேண்டும் என்றார் லோ. பிறந்த குழந்தையின் குடலில் அவ்வளவை வெட்டி எறிய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கேப் டவுனில் 1952க்கும் 1955க்கும் இடையில் இந்தக் குழந்தைகளில் 28 சதவீதம்தான் பிழைத்தன. முறை மாறிய பிறகு, 1958க்குள் அது 78 சதவீதம் ஆனது. புது மருந்து வரவில்லை, புது இயந்திரமும் வரவில்லை. எங்கே வெட்டுவது என்று தெரிந்தது, அவ்வளவுதான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதையே பின்பற்றத் தொடங்கினார்கள். இன்றும் இந்த அடைப்புகளை மருத்துவ மாணவர்கள் லோ வகுத்த வகைகளை அடிப்படையாக வைத்துத்தான் படிக்கிறார்கள்.

1956இல் கேப் டவுனில், போரில் இறந்த வீரர்களின் நினைவாக, குழந்தைகளுக்கென்றே ரெட் கிராஸ் மருத்துவமனை திறந்தது. குழந்தை என்பது சின்ன அளவில் இருக்கும் பெரியவர் என்று நினைத்து அறுவை சிகிச்சை செய்த காலம் அதோடு நம் நாட்டில் முடியத் தொடங்கியது. லோவுக்குப் பின் வந்த சிட்னி சைவஸ் அங்கே குழந்தை அறுவை சிகிச்சையை வளர்த்தார். சுடுதண்ணீர் கொட்டி வெந்த பிள்ளைகளையும், காரில் அடிபட்ட பிள்ளைகளையும் தைத்துத் தைத்து அலுத்துப்போய், விபத்தே நடக்காமல் தடுக்க ஓர் அமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான். இன்று அது சைல்ட்சேஃப் என்ற பெயரில் இயங்குகிறது. அதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம்.

உங்களில் சிலர் கேட்கலாம்: 1955இல் நமக்கு என்ன நடந்துகொண்டிருந்தது, இப்போது ஒரு வெள்ளைக்கார மருத்துவர் புகழை எங்களிடம் பாட வருகிறாயா என்று. கேள்வி நியாயம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்த காலம் அது. கேட்டோ மேனரில் வீடும் தோட்டமும் வைத்திருந்த நம் குடும்பங்களைப் பின்னால் பெயர்த்துக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் போட்டது அந்தச் சட்டம்தான். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த கறுப்பின, இந்திய மாணவர்கள் வெள்ளையர் வார்டுக்குள் நுழைய முடியாது. இதை மறைத்துக்கொண்டு லோவின் கதையைச் சொல்லச் சொல்லவில்லை. இதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் அவர் கண்டுபிடித்த உண்மை நம் பிள்ளையின் குடலுக்கும் பொருந்தும். அதை வேண்டாம் என்று தள்ளினால் நஷ்டம் நமக்குத்தான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா அடைப்பும் இந்த விபத்தால் வருவதில்லை. இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் வரும் அடைப்பு வேறு வகை. அது பெரும்பாலும் கரு உருவாகும் தொடக்கத்திலேயே வருவது, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் அதிகம் காணப்படுவது. அப்புறம், கர்ப்பத்தில் புகை பிடிக்காதீர்கள், மூக்கடைப்புக்குக்கூட மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை விழுங்காதீர்கள் என்று கிளினிக்கில் சொல்வதைக் கேட்டு நடப்பது நல்லது. சில பொருள்கள் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அது முன்னெச்சரிக்கை. பிள்ளை பிறந்த பிறகு தாயை நிறுத்தி வைத்து விசாரிக்க அதை யாரும் ஆயுதமாக எடுக்கக் கூடாது. மீன் கறிக்கும் கிரகணத்துக்கும் இதில் எந்தப் பங்கும் கிடையாது.

சரி, தாயைக் குற்றம் சொன்னால் அவள் மனம் நோகும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். அந்தப் பேச்சு பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கிறது. சாமி குற்றம் என்று நம்பும் குடும்பம் முதலில் பரிகாரம் தேடும். பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தால் தோஷம் என்பார்கள். திருஷ்டி கழிப்பார்கள், மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், கிரைப் வாட்டர் கொடுப்பார்கள், விடியட்டும் என்பார்கள். பயந்து நிற்கும் தாய் வாயைத் திறக்க மாட்டாள். ஏற்கெனவே குற்றவாளியாக நிற்பவள் "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வாள்? அப்படித் தாமதமாக வந்த பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன். உடம்பு குளிர்ந்து, கண் குழிந்து, வயிறு பளபளவென்று இறுகிப்போய் வருவார்கள்.

அடைப்பைவிட அவசரமான ஒன்றும் உண்டு. சில குழந்தைகளுக்குக் குடல் வயிற்றுக்குள் சரியான இடத்தில் அமையாமல் இருக்கும். பிறந்து சில நாளோ சில வாரமோ நன்றாகப் பால் குடித்த பிள்ளைக்குத் திடீரென்று முழுக்குடலும் முறுக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரத்தில் குடல் முழுவதுமே செத்துவிடலாம். அதற்கும் முதல் அடையாளம் பச்சை வாந்திதான். 1936இல் பாஸ்டனில் வில்லியம் லாட் என்பவர் இதைச் சரிசெய்யும் வழியை எழுதி வைத்துவிட்டார். நேரத்தோடு வந்தால் காப்பாற்றலாம். பூசை முடியட்டும் என்று காத்திருந்தால் முடியாமல் போகலாம்.

ஆகவே கோயில் மண்டபத்தில் செவிலியர் சொல்ல வேண்டியது இதுதான். குழந்தை பாலைக் கக்கினால் வெள்ளையாக, தயிர் திரிந்தது போல இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். இலைப்பச்சையாகவோ கரும்பச்சையாகவோ வந்தால், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். மேற்கொண்டு வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் நிறத்தைப் பார்க்கட்டும். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் கொடுத்த ரோட் டு ஹெல்த் என்ற பிள்ளையின் உடல்நலப் பதிவுப் புத்தகத்தை எடுங்கள். பிள்ளையைக் கதகதப்பாகச் சுற்றுங்கள். வண்டி இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு 10177ஐ அழையுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போனால் போதும், அங்கிருந்து இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 1994இலிருந்து ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இல்லையே என்று தயங்க வேண்டாம்.

பிறந்து ஒரு நாள் ஆகியும், ஆயாமார் காட்டுப்பீ என்று சொல்லும் முதல் கறுப்பு மலம் போகாவிட்டால் அதையும் செவிலியரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் ஸ்கேன் எடுக்கும்போது பனிக்குட நீர் அதிகமாக இருக்கிறது என்று சொன்னால், அடுத்த ஸ்கேனைத் தவறவிடக் கூடாது.

இதில் எதுவும் சாமிக்கு விரோதமில்லை. நானும் வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றுகிறவள். புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயிலில் என் குடும்பத்தோடு நிற்கிறவள். பிள்ளைக்கு நேர்த்தி வையுங்கள், அர்ச்சனை செய்யுங்கள், திருநீறு பூசுங்கள். பிள்ளை வண்டியில் ஏறிய பிறகு செய்யுங்கள். குருக்கள்மாரிடம் நான் தனியாக ஒன்று கேட்கிறேன். நடு இரவில் பச்சை வாந்தி எடுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடும்பம் முதலில் உங்களிடம்தான் வரும். "முதலில் ஆஸ்பத்திரி, நான் இங்கே பூசை பார்த்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், அதற்கு மேல் எந்தப் பாட்டியும் மறுவார்த்தை பேச மாட்டார். நாங்கள் நூறு முறை சொல்வதைவிட நீங்கள் ஒரு முறை சொல்வது வேலை செய்யும்.

ஆடி மாதக் கூழ் பூசைக்கு நம் பெண்கள் எல்லாரும் வருவார்கள். கர்ப்பிணிகள் வருவார்கள், கைக்குழந்தையோடு வருவார்கள், அவர்கள் மாமியாரும் வருவார்கள். பேச வேண்டிய இடம் அதுதான். வளைகாப்புக்கு மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும்போது, ரசீதோடு ஒரு சின்னத் தாளைச் சேர்த்துக் கொடுக்கலாம். தாளை ஆங்கிலத்திலும் அடியுங்கள். இன்றைய இளம் தாய்மாரில் பலருக்கு அதுதான் படிக்க வரும். தமிழ்ப் பள்ளி நடத்தும் கோயில்கள் யானி லோவின் கதையை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாக வையுங்கள். 43 முயற்சி, பூனைமுடி, 28இலிருந்து 78 என்று சொன்னால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்தப் புரட்டாசி மண்டபத்தின் குழுவினர் இதைப் படித்தால், அந்த வீட்டுக்கு இரண்டு பேர் நேரில் போய் அந்தப் பெண்ணின் மாமியாரிடம் பேசுங்கள். மைக்கில் சொன்னதைத் திருப்பி எடுக்க மைக் தேவையில்லை.

பேச ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறோம், உங்கள் கோயிலிலேயே இருப்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் எந்தக் கோயில் கூப்பிட்டாலும் நான் வருகிறேன். ஆடிக்கு முன்பே தேதி சொல்லிவிட்டால் தாளையும் நானே எழுதி, மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு வார்டு சிஸ்டர்,
சாட்ஸ்வொர்த்